தனுஷ்கோடி சாலையில் கடைசி ஆள்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சிஷ்யைக்கு நாற்பத்தெட்டு.

குருவின் பெயர் ஜெனோவா. ஒரு காலத்தில் ஐயாயிரம் மீட்டரில் மாநில அளவில் ஓடியவள். இப்போது மதுரையில் தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓடக் கற்றுத் தருகிறாள். அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்குச் சில நாள் பதில் வரும், சில நாள் வராது.

சிஷ்யையின் பெயர் பொற்கொடி. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். காற்றுக்கும் மழைக்கும் கம்பம் சாய்ந்தால் ஜீப்பில் முதலில் போய் இறங்குவது அவள்தான். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அவள் குரலைக் கேட்டாலே வேகமாக நடப்பார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு பொற்கொடி மட்டும் நின்றாள்.

"கோச், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"பின்னாடியிருந்து யாராவது என்னைத் தாண்டிப் போனா என் காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. தானா வேகமெடுக்குது. அதை எப்படி நிறுத்தறது?"

ஜெனோவா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, பாட்டிலை மூடினாள்.

"யாரும் உங்களைத் தாண்ட முடியாத இடம் ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு முதல் இடம்."

"இன்னொண்ணு?"

"தனுஷ்கோடி ஓட்டத்துக்கு வருவீங்கல்ல? அங்க காட்டறேன்."

பொற்கொடி கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் ஜூன் மாதம் மதுரையில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டாவது கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் ஓடினாள். அப்போது ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருத்தி அவளைத் தாண்டினாள். பொற்கொடி அவளைத் தாண்டினாள். அவள் மறுபடி தாண்டினாள். அதற்குமேல் பொற்கொடிக்கு ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரியின் மின்விசிறி. மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. "இன்னும் பத்து நிமிஷம் வெயில்ல கிடந்திருந்தா சொல்றதுக்கு இல்லை" என்று டாக்டர் அவள் கணவர் சுந்தரபாண்டியனிடம் சொன்னார்.

சுந்தரபாண்டியன் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவளுடைய ஷூவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து அவரே ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுத்தார்.

"ஓடு. ஆனா இன்னொரு தடவை விழுந்தேன்னு சேதி வந்தா, அதோட சரி. நானும் கேக்க மாட்டேன், நீயும் கேக்கக் கூடாது."

"சரிங்க," என்றாள் பொற்கொடி.

தனுஷ்கோடியிலும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம்தான், மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில். கேட்டதும் அவர் முகம் மாறியது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். எல்லோரும் சேர்ந்து போகலாம். சனிக்கிழமை ராமேஸ்வரம், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம், சாயங்காலம் வீடு. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகள் வதனிக்குச் சந்தோஷம். அவருடைய அக்கா வைரமணியும் கிளம்பினாள். "தீர்த்தமாடி வருஷம் பத்தாச்சு, நானும் வர்றேன்."

சனிக்கிழமை காலை வேனில் புறப்பட்டார்கள். பாம்பன் பாலத்தில் இறங்கி நின்று காற்று வாங்கினார்கள். கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினார்கள். கிணற்றுக்குக் கிணறு ஈரப் புடவையோடு ஓடிய வைரமணி, ஆறாவது கிணற்றிலேயே பொற்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டாவது வரை விடவில்லை.

மதியம் விடுதியில் மீன் குழம்பும் சோறும் சாப்பிடும்போது வைரமணி சொன்னாள்:

"வேண்டுதலுக்கு நடக்கறவங்களைப் பாத்திருக்கேன். நெருப்பு மிதிக்கறவங்களைப் பாத்திருக்கேன். வெயில்ல ஓடணும்னு நூத்தி எழுபது கிலோமீட்டர் வண்டி கட்டிட்டு வர்றவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"நாளைக்கு இன்னும் நல்லாப் பாக்கலாம் அண்ணி," என்றாள் பொற்கொடி. "திரும்பற இடத்துல நில்லுங்க. பழைய சர்ச் இருக்குல்ல, அங்கதான் திரும்பணும். நான் வர்றது தூரத்துலயே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"முன்னாடி வருவேன்ல."

வதனி சிரித்தாள். சுந்தரபாண்டியன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஓட்டக்காரர்களுக்கு எண் அட்டை கொடுக்கும் இடத்தில் ஜெனோவா நின்றுகொண்டிருந்தாள். பொற்கொடிக்கு எண் நூற்று எழுபத்தொன்று. வாங்கி வந்து அவளிடம் காட்டினாள்.

"நாளைக்கு எப்படி ஓடணும், கோச்?"

"அஞ்சாவது கிலோமீட்டர் வரைக்கும் நீங்க கடைசி ஆளா ஓடணும்."

பொற்கொடி தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"மெதுவா ஓடணுமா?"

"கடைசியா ஓடணும். உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"அஞ்சாவது கிலோமீட்டர்லதான் எங்க வீட்டு ஆளுங்க நிப்பாங்க."

"தெரியும்."

"எங்க அண்ணி நிப்பாங்க."

"தெரியும்க்கா."

"அஞ்சுக்கு அப்புறம்?"

"அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

பொற்கொடி எண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அவள் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

"நீங்க நாளைக்கு முதல்ல வருவீங்களா, கோச்?"

"நான் போட்டியில இல்ல. கடைசி ஆளுக்குப் பின்னாடி ஓடற வேலையைக் கேட்டு வாங்கியிருக்கேன். யாரும் வழியில விட்டுப்போகாம பாத்துக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஓட்டம் தொடங்க வேண்டும். ஐந்தரைக்கே இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் முகுந்தராயர் சத்திரத்தில் கூடிவிட்டார்கள். அங்கிருந்து பழைய தனுஷ்கோடி வரை ஒரே நேர்ச்சாலை. இரண்டு பக்கமும் மணல், மணலுக்கு அப்பால் இரண்டு பக்கமும் கடல். ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது.

கொடியசைக்க வேண்டிய விருந்தினர் வரவில்லை. ஆறு மணிக்கு வருவார் என்றார்கள். ஆறரைக்கு, கிளம்பிவிட்டார் என்றார்கள். அதற்குள் சூரியன் சாலையின் மறுமுனையில் நன்றாக மேலே ஏறி, ஓடப் போகிறவர்களை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் இடத்துக்கு வேனில் முன்பே போய்விட்ட சுந்தரபாண்டியன் போன் செய்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"இல்லைங்க."

"இங்க நிக்க முடியலை. தரை கொதிக்குது. விட்டுட்டு வந்துடு கொடி. யாரும் எதுவும் சொல்லப் போறதில்ல."

பொற்கொடி ஜெனோவாவைப் பார்த்தாள். ஜெனோவா ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"விழ மாட்டேங்க," என்றாள் பொற்கொடி.

அவர் "சரி," என்று வைத்துவிட்டார்.

ஜெனோவா ஈரத் துண்டை அவள் கழுத்தில் சுற்றிவிட்டு, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்தாள்.

ஏழு பத்துக்குக் கொடி அசைந்தது.

ஒன்றரை மணி நேரம் நின்று சலித்த கூட்டம் அவிழ்த்துவிட்ட மாதிரி பாய்ந்தது. பொற்கொடி அசையாமல் நின்றாள். இடது பக்கம் தாண்டிப் போனார்கள். வலது பக்கம் தாண்டிப் போனார்கள். கல்லூரிப் பையன்கள், கணவன் மனைவி, தொப்பை வைத்தவர், காதில் பாட்டு மாட்டியவர். ஒவ்வொருவர் தாண்டும்போதும் அவள் தொடை துடித்தது. ஜீப்பில் ஏறிய நாளிலிருந்து அவள் யாருக்கும் பின்னால் நின்றதில்லை.

எல்லோரும் போன பிறகு கிளம்பினாள். ஆனால் முழுக்க எல்லோரும் போய்விடவில்லை. இருபதடி முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, முழங்காலுக்குக் கீழே இறங்கிய டிராயர். ஓடுகிறாரா நடக்கிறாரா என்று சொல்ல முடியாது. இரண்டு நிமிஷத்தில் பொற்கொடி அவர் அருகில் வந்துவிட்டாள்.

"போம்மா, போம்மா," என்று அவர் ஒதுங்கி வழிவிட்டார். "என்னைத் தாண்டிப் போயிடு."

"இல்ல பாய், நீங்க போங்க."

"பொம்பளப் புள்ள பின்னாடி வர, நான் முன்னாடி போறதா? நல்லாருக்காது. போம்மா."

அவர் நின்றேவிட்டார். பொற்கொடியும் நின்றாள். பின்னால் ஜெனோவாவும் நின்றாள். ஜெனோவாவுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றது.

"பாய், நான் இன்னைக்குக் கடைசியாத்தான் ஓடணும். எங்க கோச் சொல்லிட்டாங்க."

அவர் திரும்பி ஜெனோவாவைப் பார்த்தார். எண் அட்டை இல்லாத அந்தச் சின்னப் பெண்தான் கோச் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

"அப்படின்னா சரி," என்றார். "எனக்கும் பின்னாடி ஆள் இருக்குன்னா ஒரு தைரியம்."

அவர் பெயர் அப்துல் வகாப். கீழக்கரைக்காரர். துபாயில் முப்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். "முப்பது வருஷம் அடுத்தவனுக்குக் குளிரடிச்சு விட்டேன்மா. நான் மொட்டை மாடி வெயில்லயே நின்னேன். இந்த வெயில் என்னை ஒண்ணும் பண்ணாது. முட்டிதான் பண்ணும்."

பொற்கொடி சிரித்துவிட்டாள். ஓட்டத்தின் நடுவில் அவள் இதற்கு முன்பு சிரித்ததே இல்லை.

ஆனால் சிரிப்பு ஒரு கிலோமீட்டருக்குத்தான் வந்தது. கூட்டம் தூரத்தில் புள்ளி புள்ளியாகச் சுருங்கியது. தண்ணீர் கொடுக்கும் மேஜைகளில் இவர்கள் போய்ச் சேரும்போது, அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்துக் குடங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த தொண்டர் ஒருவர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"முடியலையாக்கா? ஏறிக்கிறீங்களா? சும்மா கொண்டுபோய் விட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"முடியுது," என்றாள் பொற்கொடி. குரல் மின்வாரியக் குரலாக வந்தது. அவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது கிலோமீட்டரில் எதிரே முதல் ஆள் திரும்பி வந்துகொண்டிருந்தான். பிறகு இரண்டாவது, மூன்றாவது. பிறகு கூட்டமாக. எதிரே வருகிற ஒவ்வொரு கண்ணும் அவளைப் பார்த்துவிட்டு, பின்னால் வரும் ஆம்புலன்ஸைப் பார்த்தது. சிலர் கைதட்டினார்கள். "சூப்பர் ஆன்ட்டி, விடாதீங்க," என்றான் ஒருவன். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"கோச்," என்றாள், திரும்பாமல்.

"சொல்லுங்கக்கா."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா? நீங்க ஓடின ஓட்டத்துக்கு, இப்படிப் பின்னாடி வர்றது?"

"முதல் தடவை இருந்துச்சு."

"எப்ப போச்சு?"

ஜெனோவாவின் காலடிச் சத்தம் மட்டும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. பொற்கொடி அதைக் கேட்டுக்கொண்டே ஓடினாள். கேட்கக் கேட்கத் தன் மூச்சும் கேட்டது. மூச்சு சீராக இருந்தது. கழுத்துத் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. வலப்பக்கம் ஆண்கடல் அலையடித்துக்கொண்டிருக்க, இடப்பக்கம் பெண்கடல் ஆடாமல் கிடந்தது. இரண்டையும் அவள் அப்போதுதான் பார்த்தாள்.

உடைந்த சர்ச்சின் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு குடை, குடைக்கடியில் வைரமணி. வதனி சாலையின் நடுவில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக எட்டிப் பார்க்கிறாளோ. இவளைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அம்மா! என்னம்மா ஆச்சு? முடியலையா?"

"முடியுது."

"எல்லாரும் போயிட்டாங்கம்மா. நாங்க பயந்தே போயிட்டோம்."

வைரமணி குடையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டாள்.

சுந்தரபாண்டியன் வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏறு கொடி. போதும். இவ்வளவு வெயில்ல இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. ஏறிடு."

பொற்கொடி அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள்.

"பாருங்க. சுடுதா?"

அவர் கை கழுத்திலேயே இருந்தது. பிறகு கன்னத்தைத் தொட்டார். நெற்றியைத் தொட்டார்.

"இல்ல," என்றார்.

"நான் இப்பத்தான் ஆரம்பிக்கப் போறேன்."

அவர் கதவைச் சாத்தினார்.

பொற்கொடி துண்டை மறுபடி நனைத்துக்கொண்டாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வகாப் பாய் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜெனோவா அவர் அருகில் போய் நின்றுகொண்டாள்.

"போங்கக்கா," என்றாள்.

இப்போது வெயில் முதுகில் விழுந்தது. பொற்கொடி ஓடினாள். முதலில் கால்கள் நம்பவில்லை போலிருந்தது. அரைக் கிலோமீட்டர் போனதும் நம்பின. சாலை அவளுக்கடியில் பின்னால் போனது. கம்பிமேல் ஓடும் மின்சாரம் மாதிரி தடையில்லாமல் போகிறோம் என்று நினைத்தாள். தன் உத்தியோகம் இங்கேயும் வந்துவிட்டதே என்று சிரிப்பும் வந்தது.

ஆறாவது கிலோமீட்டரில் ஒருவரைத் தாண்டினாள். பிறகு மூன்று பேரை. பாய்ந்து போனவர்களில் பாதிப் பேர் இப்போது நடந்துகொண்டிருந்தார்கள். தொப்பை வைத்தவர் இடுப்பில் கைவைத்து நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் மனைவியில் கணவன் உட்கார்ந்துவிட்டான், மனைவி அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "சூப்பர் ஆன்ட்டி" என்று சொன்னவன் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தான். அவன் அருகில் அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"தம்பி, குதிகாலை அழுத்திக் கீழ ஊனு. உப்புத் தண்ணி குடி. அடுத்த மேஜையில இருக்கும்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

ஏழு. எட்டு. எட்டாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது அவளுக்கு மின்விசிறி ஞாபகம் வந்தது. மூச்சைக் கவனித்தாள். வாய் உலர்ந்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. துண்டை எடுத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அதே வேகத்தில் போனாள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது.

யாரோ நெருங்கி வந்தார்கள். ஏழாவதில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண், நீலச் சட்டை, நின்று இளைப்பாறித் தெம்பு வந்து மறுபடி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்தாள். தோளோடு தோளாக நாலடி வந்தாள். தாண்டினாள்.

பொற்கொடி தன் கால்களுக்காகக் காத்திருந்தாள். இப்போது துடிக்கும், இப்போது வேகமெடுக்கும் என்று இருந்தாள்.

கால்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

நீலச் சட்டை பத்தடி, இருபதடி என்று முன்னால் போனது. பொற்கொடி அதையே பார்த்துக்கொண்டு ஓடினாள். முடிவுக் கோடு வரை பார்த்துக்கொண்டே ஓடினாள்.

ஒரு மணி இருபது நிமிஷம். நூற்றுப் பதினான்காவது ஆள்.

வேன் மெதுவாக ஊர்ந்து அவளுக்குக் கொஞ்சம் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சுந்தரபாண்டியன் இறங்கி வந்தார். அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நிக்கறேன்ல?" என்றாள் பொற்கொடி.

"நிக்கறே," என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இளநி எங்கயாவது கிடைக்குதா பாக்கறேன்," என்று நடந்தார்.

வைரமணி வேனிலிருந்து குடையோடு இறங்கினாள்.

"ஏத்தா, எத்தனை பேரைத் தாண்டினே தெரியுமா?"

"தெரியலை அண்ணி. எண்ணலை."

"நான் எண்ணினேன். அம்பத்தி மூணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் இவ குறுக்கே பேசி விட்டுப்போச்சு."

"அத்தை வேன்ல நின்னுக்கிட்டே கத்தினாங்கம்மா," என்றாள் வதனி. "டிரைவர் அண்ணன் வண்டியை ஓட்டறதா, இவங்களைப் பிடிக்கறதான்னு தெரியாம முழிச்சாரு."

"நான் எங்கடி கத்தினேன்? எண்ணினேன். சத்தமா எண்ணினேன்."

எல்லோருக்கும் பசித்தது. போகலாமா என்று சுந்தரபாண்டியன் கேட்டார். கோச் வரட்டும் என்றாள் பொற்கொடி. பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். பரிசு கொடுத்து முடித்தார்கள். நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

ஒன்பது மணிக்குச் சாலையில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. வகாப் பாய் நொண்டிக்கொண்டே வந்தார். அவருக்கு நாலடி பின்னால் ஜெனோவா. பந்தலில் மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வைரமணி குடையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினாள். கோட்டைத் தாண்டியதும் பாய் திரும்பி நின்று, சாலையை ஒரு தடவை பார்த்தார்.

"பின்னாடி யாரும் இல்லைல்ல?"

"இல்ல பாய்," என்றாள் ஜெனோவா.

"அப்ப உக்காரலாம்."

ஜெனோவா பந்தலுக்குள் வந்து பொற்கொடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வதனி ஓர் இளநீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜெனோவா அதை முழுக்கக் குடித்து முடிக்கும்வரை பொற்கொடி காத்திருந்தாள்.

"ஒன்பதாவது கிலோமீட்டர்ல ஒரு பொண்ணு என்னைத் தாண்டினா, கோச்."

"ம்."

"காலு ஒண்ணும் பண்ணலை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பாத்துக்கிட்டே வந்தேன். நல்லா ஓடறா. பாதம் விழற சத்தமே கேக்கலை. வலது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கிக்குது, களைச்சா அப்படி ஆகுது போல. கடைசி மேஜையில தண்ணி குடிக்காமயே போயிட்டா. குடிச்சிருக்கலாம்." பொற்கொடி கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். "அப்ப எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சா, கோச்?"

ஜெனோவா பந்தலின் மறு ஓரத்தைப் பார்த்தாள். அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பாத்தீங்களே, அந்தப் பொண்ணோட பேர் என்னன்னு கேட்டீங்களாக்கா?" என்றாள்.